டாக்டரும் ஐந்து வெட்டு ஊசியும்

கடைத்தெருவில் எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட்ட அந்த மெக்கானிக், நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். முப்பது வருடமாகப் பழைய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் கார்புரேட்டரைக் காதால்தான் சரிசெய்து வந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்றால் பொய்.

அதை இறக்கி வைத்தது டீச்சரின் வண்டி. டீச்சரைவிட வயதில் மூத்த அந்த வண்டியில்தான் அவர் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவார். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"மேடு ஏறும்போது பாதி ஆக்சிலேட்டர்ல திக்குது, இன்ஜின் கொதிக்குது டாக்டர். இந்த வாட்டியும் சரியாகலைன்னா வேற கடைதான் பாக்கணும்."

கடையில் பாதிப் பங்குக்காரனான மைத்துனன் பிளக்கைக் கழற்றிக் காட்டினான். முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

"மாமா, கோச்சுக்காதீங்க. இனிமே கார்புரேட்டரை நான் பாத்துக்குறேன். நீங்க பஞ்சர், பிரேக் பாருங்க."

டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "சனிக்கிழமை வரைக்கும் வண்டி என் கையில இருக்கட்டும். அப்பவும் சரியாகலைன்னா பஞ்சர் பெட்டியை நானே எடுத்துக்குறேன்."

மறுநாள் காலை அவர் சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி குளித்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?"

"ஒண்ணுகூட வரலையே."

"பாத்ரூம் வரைக்கும் ஆறு விசில் கேட்டுச்சு. பக்கத்துல உக்காந்துக்கிட்டு வரலைங்கிறீங்க!"

அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சு கேட்கிறது, விசில் போன்ற கீச்சுச் சத்தம் மட்டும் காதில் விழவில்லை என்றால், இன்ஜினின் மெல்லிய கணகணச் சத்தமும் விழுந்திருக்காது. சத்தம் மந்தமாகக் கேட்கிறதே, பெட்ரோல் அதிகமாகப் போகிறதே என்று, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஊசியை ஒவ்வொரு தடவையும் அவர் தாழ்த்தியிருக்கிறார். போதாக்குறைக்குப் பருமனான ஊசியாக வேறு மாற்றியிருந்தார். தன் காதின் கோளாறுக்கு அடுத்தவர் வண்டிக்கு வைத்தியம்! அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, தன்மேலேயே.

காதை விட்டுத் தள்ளினார். கண் இருக்கிறதே. பிஸ்கட் டப்பாவில் கிடந்த பழைய ஊசிகளை மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, மெல்லியதாக இரண்டை எடுத்துக்கொண்டார். ஊசியின் தலைப்பக்கம் ஐந்து வெட்டு இருக்கும். ஒன்றில் சின்னக் கிளிப் மாட்டும். கிளிப் ஒரு வெட்டு கீழே போனால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். ஆக்சிலேட்டரில் பாதித் திருகலுக்குச் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோட்டிலேயே பிடித்து மேடேறி, பாதி வழியில் இன்ஜினை அணைத்து, சுடச்சுடப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்.

முதல் ஊசி, மூன்றாம் வெட்டு: வெளுப்பு. நான்காம் வெட்டு: கரி, பெட்ரோல் அதிகம். வெட்டுக்கு வெட்டு நடுவில் போக வழியில்லை. விரல் கொப்பளித்துவிட்டது. மேட்டில் பழம் விற்பவர் சிரித்தார். "என்ன டாக்டர், வண்டி ஓட்டவே மறந்துபோச்சா? வந்து வந்து இங்கயே நிக்குறீங்க!"

"ஆமாங்க, இப்பத்தான் கத்துக்கறேன்," என்றார் டாக்டர். நக்கலாகச் சொல்லவில்லை. முதல் ஊசியைவிட முடியளவே மெல்லிய இரண்டாவது ஊசியை மாட்டி, மூன்றாம் வெட்டில் கிளிப்பை வைத்தார். பதினோராவது ஏற்றத்தில் பிளக் பிஸ்கட் நிறத்தில் வந்தது. பெட்ரோல் அளவு சரி.

சனிக்கிழமை அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஸ்க்ரூடிரைவரை மைத்துனனிடம் நீட்டினார். அதை அவர் யார் கையிலும் கொடுத்ததே இல்லை.

"எனக்குக் காது சரியா கேக்கலை மாப்ள. சத்தத்தை நீ கேட்டுச் சொல்லு. ஊசியை நான்தான் வைப்பேன்."

மைத்துனன் வெகுநேரம் கேட்டான். "சுத்தமா இருக்கு மாமா," என்றான். பஞ்சர் பெட்டியைக் காலால் தன் பக்கமே தள்ளிக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் கடை வாசலில் வந்து நின்றார். இன்ஜினை அணைக்காமலே, "டாக்டர், கேளுங்களேன், என்ன இனிமையா பாடுது!" என்றார்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம் டீச்சர்," என்றபடி டாக்டர் ஸ்பேனரை எடுத்தார். "ஆஃப் பண்ணுங்க. பிளக்கைப் பாத்துடுவோம்."