முப்பது வரை எண்ணிச் சிரித்தவர்

அந்த நாற்காலிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வந்தவர் எந்த நாற்காலியைக் கைகாட்டினாலும் முதலில் விற்பனையாளர் அதில் உட்கார வேண்டும். மனசுக்குள் முப்பது எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது. முதலாளி கண்டுபிடித்த வித்தை. பத்தொன்பது வருடமாக இதில் கொடிகட்டிப் பறந்தவரைக் கடையில் ‘சிம்மாசனம்’ என்றே கூப்பிட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்தாலும் நாலு தேசத்தை ஆள்பவர்போல இருப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் மூலம் வந்தது.

வெளியே மூச்சுவிடவில்லை. உட்கார முடியாதவர்களுக்கு அந்தக் கடையில் ஒரே இடம் கிடங்குதான். முன்பு முதுகுவலி என்று சொன்ன ஒருவரை பீரோ தூக்க அனுப்பியவர் முதலாளி. ஆனால் பத்து நாளாகப் புருஷன் நின்றுகொண்டே சாப்பிட்டால் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போகுமா?

“என்னங்க, தட்டும் கையுமா வாசலையே பார்க்கறீங்க. யாராவது வரப்போறாங்களா?”

“இல்ல, காத்தோட்டமா இருக்கு...”

“காத்து எங்க படணும் உங்களுக்கு? ஒழுங்கா உண்மையைச் சொல்லுங்க.”

சொன்னார். ரத்தம் வந்ததையும் சொன்னார். அன்று மாலையே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு பெண். பார்த்ததும் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

“இடுப்பு வலிங்க” என்றார்.

“இன்னும் கீழ, டாக்டர்” என்றாள் மனைவி.

“முழங்காலா?”

“அவ்வளவு கீழ இல்ல.”

டாக்டர் புரிந்துகொண்டு பரிசோதித்தார். “பயப்படாதீங்க. அங்க இருக்கிற ரத்தக் குழாய் வீங்கியிருக்கு. ரத்தம் வந்தா நீங்களா ஒண்ணு நினைச்சுக்காம இப்படி வந்து காட்டிடணும். தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?”

கடையில் கழிப்பறைக்குப் போக பீரோக்களின் இடுக்கில் பக்கவாட்டில் நடக்க வேண்டும். அதற்குப் பயந்து அவர் பகல் முழுக்க ஒரே டம்ளர்தான் குடிப்பார்.

“வீட்டுல மட்டும் முக்கால் மணி நேரம் டாக்டர். போனோட உள்ள போனா, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி சத்தமே வராது” என்று மனைவி மிச்சத்தையும் போட்டுக் கொடுத்தாள்.

டாக்டர் பட்டியல் போட்டார்: காய், பழம், கீரை நிறைய. தண்ணீர் நிறைய. முக்கக் கூடாது, போன் உள்ளே போகக் கூடாது. கனமானதைத் தூக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் தினம் கால் மணி நேரம் உட்கார வேண்டும். பூச ஒரு களிம்பு. “ஒரே இடத்துல ரொம்ப நேரம் உட்காராதீங்க. என்ன வேலை பார்க்கறீங்க?”

“உட்காருறதுதான் டாக்டர்” என்றாள் மனைவி.

துணி ஊற வைக்கும் அகலப் பாத்திரம் அன்றிலிருந்து அரியணை ஆனது. “உங்க முப்பதெல்லாம் இங்க செல்லாது. தொள்ளாயிரம் எண்ணுங்க” என்று கதவுக்கு வெளியே நின்று காவல் காத்தாள்.

ஐந்தாம் நாள் தியேட்டர்காரர் ஒருவர் வந்தார். முந்நூறு நாற்காலி வேண்டுமாம். முதலாளி இரண்டு மாதிரிகளைப் போட்டு, “சிம்மாசனம், உட்காருப்பா” என்றார். எப்படியாவது விற்றுத் தள்ளிவிட வேண்டும் என்று முதலாளி ஏங்கியது முதல் மாதிரியைத்தான்.

உட்கார்ந்தார். நாலு எண்ணுவதற்குள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. சிரிப்பை மட்டும் விடவில்லை.

“ஏங்க அழறாரு?” என்றார் வந்தவர்.

“சொகுசு தாங்கலைங்க” என்றார் முதலாளி.

இரண்டாவதில் உட்கார்ந்தவர் முப்பதைத் தாண்டி நாற்பத்தைந்துவரை எண்ணிவிட்டு, எழுந்திருக்கவே இல்லை.

“ரெண்டுல எதுங்க நல்லது?”

முதலாளி முதல் நாற்காலியைக் கண்ணால் காட்டினார். சிம்மாசனத்துக்குக் கிடங்கும் பீரோக்களும் கண்முன் வந்து போயின. ஆனாலும் மறுபடி அந்த முதல் நாற்காலியில் உட்காரச் சொல்வார்களோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“இதுதாங்க. அதுல நடுவுல ஒரு தையல் துருத்துது. எனக்கு மூலம்ங்க. எனக்குத் தெரியும்.”

வந்தவர் உள்ளங்கையை முதல் நாற்காலியில் அழுத்தித் தேய்த்தார். “ஆமா, துருத்துது” என்றார். இரண்டாவதில் முந்நூறும் எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் கிடங்குச் சாவி வரும் என்று காத்திருந்தவர் முன்னால் ஒன்பது புது மாதிரிகள் வரிசையாக நின்றன. “அவசரமில்லப்பா. ஒவ்வொண்ணா பாரு. நீ அலறுனா திருப்பி அனுப்பிடலாம்” என்றார் முதலாளி, குழைவாக.

மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. ஒருநாள் காலையில் எல்லா நாற்காலியிலும் ஒரே சிரிப்போடு உட்கார்ந்து எழுந்தவரை முதலாளி சந்தேகமாகப் பார்த்தார்.

“என்னப்பா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?”

“சரியாயிடுச்சு முதலாளி.”

“முழுசாவா?” முதலாளி பக்கத்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “கொஞ்சம்கூட மிச்சமில்லையா? அடுத்த வாரம் ஆபீஸ் நாற்காலி வருதேப்பா... அந்தக் கீரையைக் கொஞ்சம் குறைச்சுப் பாரேன்.”

சிம்மாசனம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே, முப்பது எண்ணும்வரை மடக்கு மடக்கென்று குடித்தார். பிறகு சிரித்துக்கொண்டே பீரோக்களின் இடுக்கில் பக்கவாட்டில் நடந்து போனார்.