கவுதாரிக்கு வைத்த குரல்

குருமூர்த்திக்கு நாற்பத்தோரு வயது. அதில் பதினெட்டு வருடம் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியே போய்விட்டது. லாரிக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கவுதாரி பிடிக்கப் போவான். சட்டப்படி அது குற்றம் என்று அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

கூண்டுக் கவுதாரியைக் கத்தவிட்டுப் பிடிக்கும் பொறுமை அவனுக்கு இல்லை. பெட்டையின் குரலைச் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்தான். கைவிடப்பட்ட ஒரு கல்குழியின் கரையில், சீமைக்கருவேலம் புதருக்குள் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்துச் சுற்றிலும் கண்ணி கட்டுவான். பிறகு தள்ளிப்போய்ப் படுத்துக்கொள்வான். சேவல்கள் விழுந்தடித்து ஓடிவரும். ஒருமுறை கீரி வந்தது. இன்னொருமுறை சாரைப்பாம்பு வந்து ஸ்பீக்கரைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அதைச் சொல்லியே டீக்கடையில் பல நாள் சிரிப்பு மூட்டினான்.

பொங்கலுக்கு முன்னால் ஹஸ்ஸான் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தான். லப்பைக்குடிக்காட்டுக்காரன், பள்ளிக்கூடத்தில் குருமூர்த்தியோடு ஒரே பெஞ்சு.

"அங்க கோழியத் தின்னு தின்னு எனக்கே றெக்கை மொளச்சிரும் போல இருக்கு மாப்ள. கவுதாரிய உசுரோட புடிச்சுக் குடு. பிஸ்மி சொல்லி நான் அறுத்துக்கிறேன்."

ஞாயிறு விடிந்து வெளிச்சம் வந்த நேரம். ஸ்பீக்கர் கூப்பிட்டது. எதிர்க்கரையிலிருந்து இரண்டு சேவல்கள் பதில் கொடுத்தன. திடீரென்று இரண்டும் அடங்கிப்போயின. புதரை விலக்கிக்கொண்டு ஒரு நரி வெளியே வந்தது.

குருமூர்த்தி முழங்கையால் ஹஸ்ஸானை இடித்தான். "நரி மூஞ்சில முழிச்சிருக்கோம்டா. யோகந்தான் போ!"

ஆள் வாடை பட்டால் ஓடுவதுதான் நரியின் குணம். இது ஓடவில்லை. ஸ்பீக்கரை முகர்ந்தது; வாயோரம் எச்சில் வழிந்தது. பிறகு நேராக நடந்து வந்து குருமூர்த்தியின் முன்கையைக் கவ்வியது. உதறியும் விடவில்லை. ஹஸ்ஸான்தான் இரண்டு கையாலும் அதன் வாயைப் பிளந்து பிடுங்கி எறிந்தான். அது தள்ளாடியபடி குழிக்குள் இறங்கிப் போனது. ஹஸ்ஸானின் விரலில் ஒரு பல் கீறியிருந்தது.

"ஜி.எச்சுக்குப் போவோம்டா."

"போயி? கவுதாரி புடிக்கப் போனோம்னு சொல்லுவியா? ஃபாரஸ்ட்காரன் கேஸ் போட்டான்னா ஒன் பாஸ்போர்ட்டு அவ்வளவுதான். துபாய மறந்துட்டு என் லாரிக்கு க்ளீனரா வர வேண்டியதுதான்."

"நாய்னு சொல்லிருவோம்."

"எந்த நாய், யாரு நாய், எங்க கடிச்சுச்சுன்னு நோண்டுவான். நாய்க்கடிக்குத்தான்டா ஊசி. நரிக்கடிக்கு எவன் போட்டிருக்கான்? வா, பேசாம."

பாட்டில் தண்ணீரை ஊற்றித் துண்டால் கட்டிக்கொண்டான். மனைவி ஜானகியிடம் வேலிக்கம்பி கிழித்துவிட்டது என்றான். அவள் மஞ்சள் வைத்துக் கட்டினாள். காயம் ஆறி வடுவானது. நரி முகத்தில் முழித்த பலன் எப்போது வரும் என்று ஹஸ்ஸான் போனில் கேலி பேசுவான். "வரும், வரும்" என்பான் குருமூர்த்தி.

பிப்ரவரி கடைசியில் அந்த வடு எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. மறுநாள் டீக்கடையில் முதல் மடக்கு தொண்டையில் இறங்கவில்லை. கழுத்து இறுகி டம்ளர் கையிலிருந்து விழுந்தது. வீட்டில் மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டதும் அலறினான். ஜானகி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைப் பார்த்தே சுவரோடு ஒடுங்கினான்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்த்தி வடுவைப் பார்த்தார். "நாய் கடிச்சுதா?"

"இல்லைங்க" என்றான். அது பொய்யில்லை.

"வேலிக்கம்பிங்க" என்றாள் ஜானகி.

டாக்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்ககிட்ட நான் பொய் சொல்லமாட்டேன். இது ரேபிஸ், வெறிநாய்க்கடி நோய். முத்திப்போச்சு. இனிமே மருந்து கேக்காது. ஆனா உங்களக் கடிச்சது வேற யாரையாச்சும் கடிச்சிருந்தா, கீறியிருந்தாக்கூட, அவங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஊசி போட்டுக் காப்பாத்திடலாம்."

ஹஸ்ஸான் இன்னும் ஊரில்தான் இருந்தான்; வெள்ளிக்கிழமை துபாய்க்கு விமானம். குருமூர்த்தி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெயரைச் சொன்னால் வழக்கு, பாஸ்போர்ட், வேலை எல்லாம் போகும். சொல்லாவிட்டால், இந்தத் தொண்டை அவனுக்கும் வரும். எச்சிலைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தான். நரி, கல்குழி, ஸ்பீக்கர், ஹஸ்ஸானின் விரல், எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னான். "அவன் மேல கேஸ் வேணாங்க. என் பேர மட்டும் எழுதிக்கங்க."

"எது கடிச்சதுன்னுதான் இங்க கேப்போம்" என்றார் டாக்டர். "அங்க எதுக்குப் போனீங்கன்னு இந்த ஆஸ்பத்திரியில யாரும் கேக்கமாட்டாங்க."

ஜானகி எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் அவள் அழுத சத்தம் அவனுக்குக் கேட்டது. திரும்பி வந்து ஹஸ்ஸானுக்குப் போன் போட்டு, குருமூர்த்தியின் காதருகே பிடித்தாள்.

"ஊசி போட்டுக்கடா."

"எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ள, விரல் அப்பவே ஆறிப்போச்சு. நீ நல்லாகி வூட்டுக்கு வா, துபாய் போறப்ப வந்து பாத்துட்டு…"

"எனக்குந்தான்டா ஆறிப்போச்சு."

"வரேன்டா" என்றான் ஹஸ்ஸான்.

அன்று சாயங்காலமே வந்தான். விரலைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார்கள். ஜன்னலை மூடி விளக்கணைத்திருந்த அறையின் வாசலிலிருந்து நண்பனைப் பார்த்தான். உள்ளே போக வந்தவனைக் குருமூர்த்தி கையசைத்துத் தடுத்துவிட்டான்.

குருமூர்த்தி புதன்கிழமை இறந்தான். ஹஸ்ஸான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறான். அவனுக்கு அடுத்த ஊசி நாளைக்கு.