பன்னிரண்டு பாசிக் குவியல்கள்

கடற்கரையில் உட்கார்ந்து பாசியில் பூச்சி எண்ணப்போகிறேன் என்றதும் எங்கள் கோட்டைக்குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது. எம்.எஸ்சி. கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் அது. எங்கிருந்தோ வந்த தடித்த செம்பாசி ஒன்று அந்த வருடம் ஊர்ப் பாசியோடு சேர்ந்து எங்கள் கரையில் ஒதுங்கியது. ஒதுங்கிய பாசியை மணலில் துள்ளும் பொடிப் பூச்சிகள் தின்னும். அந்தப் பூச்சிகளை வெள்ளை நண்டு தின்னும். பூச்சி, நண்டுக்குஞ்சு இரண்டையும் உள்ளான் குருவி கொத்திக்கொண்டு போகும். வந்தேறிப் பாசியிலும் இந்தப் பந்தி நடக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பாசி ஒதுங்குவதே சில வாரங்கள்தான். விட்டால் ஒரு வருடம் போச்சு.

ஆறு குவியல் ஊர்ப் பாசி, ஆறு குவியல் செம்பாசி என்று பன்னிரண்டு வைத்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சவுக்குக் குச்சி நட்டு, துணி கட்டினேன். செம்பாசி ஈரத்தில் பிணம் கனம் கனத்தது. அது கிடந்த வடக்குப் பக்கத்திலேயே ஆறையும் வரிசையாக வைத்துவிட்டு, கண்ணாடிக் குப்பி வாங்க பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன்.

மத்தியானம் திரும்பி வந்தால், குவியலுக்கு ஒரு ஆளாகப் பன்னிரண்டு வீட்டு ஆட்கள் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் சீட்டுப் பானையோடு என் நைனா. குவியல்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன.

ஊருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் உப்பு ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கரையில் பன்னிரண்டு குச்சி வரிசையாக நின்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்?

"இதுல இன்னா கெடைக்கும்னு பாடு பிரிச்சீங்க?" என்று கத்தினேன்.

"அது தெரியாது. ஆனா விட்டுட்டா அப்பால வராதே," என்றார் நைனா. "நீ வச்சது மட்டும் ஞாயமா? வடக்கால கீறவனுக்கெல்லாம் கெட்ட பாசி, தெக்கால கீறவனுக்கெல்லாம் நல்ல பாசியா? அதான் பாசியையும் சீட்டுல போட்டு மாத்திட்டோம்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மணலிலேயே உட்கார்ந்து மேடத்துக்கு போன் போட்டேன். என் ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியை அவர். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"முதலில் செம்பாசியை எல்லாம் ஏன் வடக்கே வைத்தாய்?"

"தூக்க முடியலை மேடம்."

அவர் முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. "வடக்கே ஏரி கடலில் சேரும் முகத்துவாரம். அங்கே நண்டு வரவில்லை என்றால் அதற்குப் பாசி காரணமா, இடம் காரணமா? எப்படிச் சொல்வாய்? சீட்டுக் குலுக்கித்தான் வைக்கணும் என்று வகுப்பில் தொண்டை வறள நடத்தினேனே. யார் இதை மாற்றியது?"

நைனா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நாங்கதாம்மா. தப்பாங்களா?"

மேடம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. என் ப்ராஜெக்ட்டைக் கெடுத்ததாக நான் திட்டித் தீர்த்த ஊர்தான் அதைக் காப்பாற்றியிருந்தது. அன்றைக்கே முதல் நாள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏழு நாள் எண்ண வேண்டும், குவியலை ஒருவரும் நெருங்கக் கூடாது, பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று ஊருக்கும் உத்தரவு போட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதித்தேன்.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் கரையில் திருவிழாதான். ஊர்ப் பாசி கிடைத்தவர்கள் தங்கள் குவியலில் துள்ளும் பூச்சியைப் பார்த்து மார் தட்டினார்கள். செம்பாசி கிடைத்தவர்களில் என் அத்தைக்குத்தான் படு மோசம். மற்ற ஐந்திலாவது ஒன்றிரண்டு நண்டு எட்டிப் பார்த்தது. அவள் குவியலில் பூச்சியும் இல்லை, நண்டும் இல்லை.

"இன்னாடி இது, நாய்கூட மோந்து பாக்கல. ஒண்ணாவது எழுதிக்கோயேன்," என்று ஐந்தாம் நாள் மூக்கைச் சிந்தினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அத்த, உன்னுதுல ஒண்ணும் வராததுதான் எனக்கு ரொம்ப முக்கியம். அத வச்சுதான் எம் ப்ராஜெக்ட்டே நிக்குது," என்று சமாதானம் சொன்னேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஆறாம் நாள் முழுக்க ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஏழாம் நாள் காலை நான் கரைக்குப் போனபோது, அத்தை கையில் துடைப்பத்தோடு ஒரு நண்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். "போ அந்தாண்ட! இத்தினி நாள் வராம இன்னிக்கு வரியா, எங்க பொண்ணு படிப்பக் கெடுக்க?"

"எங்கேர்ந்து வந்துச்சு அத்த?"

மூச்சு வாங்க நின்றாள். "வந்து பாத்தா எம் பாசிக்குள்ள கீதுடி. துன்னுகினு கீது." நான் நோட்டை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதடி. நாந்தான் தொரத்திட்டேன் இல்ல?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவளை அன்றைக்குப் போல என்றைக்கும் எனக்குப் பிடித்ததில்லை. ஆனாலும் எழுதினேன்: ஏழாம் நாள், செம்பாசி, நண்டு ஒன்று. பக்கத்தில் குறிப்பு எழுதும் இடத்தில், அத்தையால் விரட்டப்பட்டது.