சிவப்பு மையில் அடித்த ஒரு சொல்

போன வருஷம் ஜூன் மாதம், பெங்களூருவில் ஒரு ராணுவ ஆவண அலுவலகத்தில் நடந்தது இது. இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நாங்கள் நாலு தலைமுறையாகத் தொம்மலூரில் இருக்கிறோம். என் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ லாரி டிரைவராகப் பர்மாவுக்குப் போனார். அப்பா அப்போது கைக்குழந்தை. அடுத்த வருஷமே, 'உங்கள் கணவர் படையை விட்டு ஓடிவிட்டார்' என்று பாட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான். அங்கேயே வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்று தெருவில் கதை கட்டிவிட்டார்கள். அப்பாவுக்குப் பள்ளியிலேயே 'ஓடிப்போனவன் மகன்' என்றுதான் பெயர்.

போன வருஷம் காக்ஸ் டவுனில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். எண்பது தாண்டிய அப்பா, இருமல் வந்து பந்தியிலிருந்து பாதியில் எழுந்தார். பக்கத்து இலையில் இருந்த சொந்தக்காரர் ஒருவர், "பாதியில எழுந்து ஓடறது இவங்க வம்சத்துக்கே பழக்கம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பழைய கடிதத்தில் தாத்தாவின் படை எண் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு ஐந்து தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாளே பன்னி மேடம்" என்று கன்னடத்திலேயே நாளைக்கு வரச் சொன்னார். ஐந்தாவது தடவை தமிழிலேயே சொன்னார்: "ஓடிப்போனவரைத் தேடி இப்ப இன்னா மேடம் பண்ணப் போறீங்க?"

"எடுத்துக் காட்டுங்க. பாக்காம நான் போக மாட்டேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் ஒரு தடித்த பதிவேடு வந்தது.

தாத்தா பெயருக்கு நேரே 'ஓடிப்போனவர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் நாலு வரி. காய்ச்சலோடு ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அதே பெயருள்ள வேறொருவரின் எண்ணில் தவறாகப் பதிவாகிவிட்டது. இன்ன தேதியில் அங்கேயே இறந்தார். ஓடிப்போனதாக எழுதியது ரத்து, குடும்பத்துக்குத் தெரிவிக்கவும்.

குடும்பத்துக்கு அனுப்பிய கடிதத்தின் எண்ணை எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது. நானும் ஒரு பள்ளியில் பதிவேடு எழுதுகிறவள்தான். அந்தக் காலிக் கட்டத்துக்கு, அப்படி ஒரு கடிதமே அனுப்பவில்லை என்றுதான் அர்த்தம்; எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். திருத்திய தேதியைப் பார்த்தால், அப்போது அப்பாவுக்கு ஐந்து வயசுகூட ஆகியிருக்காது.

"பாத்தீங்களா, அப்பவே கரெக்ட் பண்ணிட்டாங்க. அப்புறம் இன்னா பிரச்சினை?" என்றார் கவுன்ட்டர்காரர்.

"இந்த புக்குல கரெக்ட் பண்ணிட்டீங்க சார். எங்க வீட்டுல யாரு கரெக்ட் பண்றது?" என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. நான் குரலைத் தணிக்கவில்லை. நகல் கையில் கிடைக்கும்வரை கத்திக்கொண்டேதான் இருந்தேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது. காலேஜ் நாட்களில் டூர் போக விடவில்லை என்ற ஆத்திரத்தில், "பயந்து ஓடினவர் பிள்ளைதானே நீங்க" என்று அப்பாவின் முகத்துக்கு நேராக நானே கேட்டிருக்கிறேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார்.

நகலை அப்பா இரண்டு தடவை படித்தார். அழவில்லை. "உயிரோட இருக்கிறவருக்குப் படையல் போடக்கூடாதுன்னு அம்மா ஒரு வருஷம்கூட விடல. சாகற வரைக்கும் அவங்க பொட்டையும் எடுக்கல" என்றார். பிறகு, "தேதி சரியா போட்டிருக்காம்மா?" என்று கேட்டார்.

காலேஜ் நாளில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு மட்டும் யாரு நெசத்தைச் சொன்னாங்க?" என்றார்.

மறுநாளே காக்ஸ் டவுனுக்குப் போய், அந்தச் சொந்தக்காரர் கையில் நகலைக் கொடுத்து, அவர் மருமகள் முன்னாலேயே வாய்விட்டுப் படிக்க வைத்தேன். "நான் தமாஷுக்குச் சொன்னேன்மா" என்றார். அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். செய்த தவறை எழுத்தில் ஒத்துக்கொள்ளச் சொல்லி அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை.

நவம்பரில் அந்தத் தேதி வந்தது. அப்பா வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் அப்பாவுக்கு இலை போட்டார். வைத்துக் கும்பிட ஒரு படம்கூடக் கிடையாது. சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த அலுவலகத்தை மன்னிக்க எனக்கு மனசில்லை. ஆனால் செத்துப்போன ஒரு மனிதரை இத்தனை வருஷம் ஓடிப்போனவராகவே வைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி என்று நினைக்கும்போதெல்லாம், அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே வந்து விழுகிறது.