புடவையில் குத்திய ‘தலைவர்’

எங்கள் குடியிருப்பில் குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி ஓர் அறிவிப்பு எழுதும் பொறுப்பு போன வாரம் என் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்றவன், கையெழுத்து நன்றாக இருக்கும், வேறு வேலையும் கிடையாது. கடலூரில் இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தேன். குப்பென்று அந்த ஸ்பிரிட் வாசனை. அறிவிப்பை மறந்து சிதம்பரத்துக்குப் போய்விட்டேன்.

நான் வேலையில் இருந்த காலத்தில், அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில்தான் நான் மார்க்கரும் கையுமாக நடத்திய பயிற்சி நடக்கும். ‘சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் சமூக மேம்பாட்டுக்குமான தலைமைப் பயிற்சி.’ பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் பேனரின் கீழே நின்று பேசுவேன். பேசி முடித்ததும் பாட்டில் தண்ணீர் குடிப்பேன். கீழே கல்யாணம் என்றால் பாயச வாசனை மாடியேறி வரும். அதற்குப் பிறகு பருவநிலை மாற்றத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், நான் உட்பட.

ஒரு நாள் அவரவர் ஊரை ஒரு மரமாக வரையச் சொன்னேன். காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவர் ஆலமரம் வரைந்தார். பிச்சாவரம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்த பூங்கொடி, வேரெல்லாம் வெளியே தெரிகிற மரம் வரைந்தாள்.

“இன்னாம்மா, மரத்துக்குக் கால் மொளைச்சிருக்கு?” என்றார் ஆலமரக்காரர்.

“சேத்துல நிக்கணும்ல மாமா. உங்க மரத்தக் கொண்டாந்து எங்க உப்பங்கழியில நடுங்க, சாயங்காலமே படுத்துடும்.”

மண்டபம் சிரித்தது. அவள் ஆசை ஒன்றுதான். ஊர்ப் படகுகளைக் கட்டும் கழிக்கரை கரைந்துகொண்டே வந்தது. அங்கே, வேரால் சேற்றைப் பிடித்து நிறுத்தும் சுரபுன்னை மரம் நட வேண்டும். முருங்கைக்காய் போலத் தொங்கும் அதன் விதைகள் விழுகிற பருவம். ஊர்ப் பெண்கள் சிலர் கூட வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இங்கே என் தமிழ்ப்பற்றைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி முடித்தவர்களுக்கு ஒரு பேட்ஜ் உண்டு. மேலிடத்திலிருந்து வந்த மாதிரியில் ‘லீடர்’ என்றிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. குறிப்பு எழுதி, ஒப்புதல் வாங்கி, ‘தலைவர்’ என்று மாற்றி அச்சடித்தேன். பூங்கொடி அதைப் புடவையில் குத்திக்கொண்டே பஸ் ஏறினாள்.

மீனவக் குப்பத்தில் தலைவர் என்றால் ஒருவர்தான். அவர் சொல்லாமல் ஊரில் ஒரு படகு நகராது. இது எனக்குத் தெரியாததல்ல. உள்ளூர் மரபுகள் என்ற வகுப்பை எடுத்ததே நான்தான்.

அந்த வாரமே பூங்கொடி போன் செய்தாள்.

“சார், ஊருக்கு ரெண்டு தலைவரான்னு கூட்டம் போட்டுக் கேக்குறாங்க. கரையில ஒருத்தரும் எறங்கக்கூடாதுன்னுட்டாங்க. நீங்க ஒருவாட்டி வந்து, அது சும்மா பேருதான்னு சொல்லிட்டுப் போங்க சார். வெதை காஞ்சிடும்.”

“கள ஆய்வு மூணாவது மாசம்தாம்மா. அதுக்கு முன்ன வர நடைமுறை இல்ல.”

நடைமுறை இருந்தது. அவசரப் பயணத்துக்கு எப்படி அனுமதி கேட்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். என் தமிழ் செய்த கூத்தை நானே போய் விளக்குவதுதான் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது மாதம் போனேன். ஊர்த் தலைவர் இளநீர் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்.

“லீடர்னு போட்டிருந்தா, இஸ்கூல் புள்ளைங்க மாதிரி எதுவோன்னு விட்டிருப்போம் சார். தலைவர்னுல்ல போட்டுட்டீங்க! ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா நானே ஆளு அனுப்பியிருப்பேன்.”

பூங்கொடி வீட்டு வாசலில் விதைகள் கறுத்துச் சுருங்கி, விறகுக் குச்சிகளாகக் கிடந்தன. தெருவில் போன பையன்கள், “தலைவரே, மீட்டிங் எப்போ?” என்று கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். திட்டியிருக்கலாம்.

அடுத்த பருவத்துக்குப் பெண்கள் யாரும் வரவில்லை. ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் பேச்சு வாங்கியவர்கள். பூங்கொடி ஏதோ துணிக்கடை வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊர்க் கடை என்று நான் விசாரிக்கவில்லை.

மார்க்கரை மூடிவைத்தேன். மறுநாள் பிச்சாவரம் போய், படகு எடுத்து, அந்தக் குப்பத்தின் பக்கமாக விடச் சொன்னேன். படகு கட்டுகிற கரை எங்கே என்று கேட்டேன். படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

“அந்தக் கரையா? அதுமேலதான் சார் இப்ப நிக்கிறோம்.”