திரைக்குள் போன திறப்பு

உதயகலா பரிதாபப்படுகிற ஆள் இல்லை. நெல்லியடியில் பிறந்து, புருசன் போன பிறகு பராமரிப்பாளர் பயிற்சி எடுத்து, படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புரட்டி, ஊட்டிச் சீவிப்பவள். யாராவது பக்கத்தில் நின்று "பாவம்" என்றால், "பாவம் பிறகு பாப்பம், அந்தத் துவாயை எடுத்துத் தாங்கோ" என்பாள்.

நீர்வேலியில் கனகசபாபதியரைப் பார்க்க அவள் வந்தது அவருக்குப் பாரிசவாதம் வந்த பிறகு. வாழைத்தோட்டக்காரர். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் இன்னும் குலை வெட்டுகிற கையாகவே இருந்தது.

அன்று அவரை வேட்டி உடுத்திக் கோயிலுக்குக் கூட்டிவரச் சொன்னவன் மகன் கஜீவன். கனடாவில் இருந்து திரும்பியிருந்தான். கொழும்பில் இறக்குவித்த அமெரிக்கக் காருக்கு ஊர்ப் பிள்ளையாரிடம் பூசை.

கார் நாவல்பழ நிறம். நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, முகத்தின் ஒரு கரையில் இருந்து மறுகரை வரை ஒற்றைக் கோடாக வெளிச்சம். கதவுகளில் கைபிடி இல்லை. திறப்பு, அதுதான் சாவி, அதோடு ஆள் கிட்டப் போனால்தான் கதவுக்குள் இருந்து நீட்டும். மின்சாரத்தில் ஓடுவதால் நின்றாலும் ஓடினாலும் சத்தம் இல்லை.

கோயில் வாசலில் ஆழ்வாப்பிள்ளை காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோயில் வேலைகளை மேற்பார்க்கிறவர், வாயை அடக்கத் தெரியாதவர்.

"தம்பி, உது டொயோட்டாவோ?"

"இல்லையண்ணை. அமெரிக்கன். யாழ்ப்பாணத்திலை உது ஒண்டுதான்."

"கைபிடியைக் காணேல்லை. வழியிலை விழுந்து போச்சோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். கஜீவன் முகம் சுண்டியது. வந்த நாளில் இருந்து அந்தக் காரின் பெயரை அவன் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தெரியாத பெயருக்கு யாரும் வாய் பிளக்க மாட்டார்கள் என்பதை அவன் யோசித்திருக்கவில்லை.

கோயில் வழக்கப்படி திறப்பை வெற்றிலைத் தட்டில் வைத்து ஐயரிடம் கொடுத்தான். அது பிள்ளையாரின் காலடியில் இருந்து அபிஷேகமும் அலங்காரமும் முடிந்துதான் திரும்பும். கோயிலுக்குள் போக மேல்சேட்டைக் கழற்றிக் காருக்குள் போட்டான். காரைத் திறக்கக்கூடிய போனும் சேட்டுப் பையோடு உள்ளே போனது.

"ஐயாவை இறக்கட்டோ?" என்று கேட்டாள் உதயகலா.

"வேண்டாம் அக்கா, வெயில். உள்ளை ஏசியிலை இருக்கட்டும். நீங்களும் வந்து கும்பிடுங்கோ."

அவளுக்கும் அது சரியாகவே பட்டது. கதவைச் சாத்தினாள். ஐயர் தட்டோடு மூலஸ்தானத்துக்குள் போகக் கைபிடிகள் உள்ளே இழுபட்டன, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடிகள் இரண்டும் மடிந்தன.

"காதை மடக்குது பாருங்கோ!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"திறப்பு தூரப் போனாத் தன்பாட்டிலை பூட்டும்," என்றான் கஜீவன். முதல்தடவையாக எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை மூடியதும் உதயகலா கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கதவுக் கண்ணாடிகள் கறுப்பு, உள்ளே தெரியவில்லை. முன்னுக்குப் போய்ப் பார்த்தாள். கனகசபாபதியரின் வேட்டி நெஞ்சோடு நனைந்து ஒட்டியிருந்தது. இடது கை கதவின் தோல் உறையைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது. உள்ளேயும் கைபிடி இல்லை, ஒரு சின்னப் பொத்தான்தான். அதைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"தம்பி! ஏசி நிண்டுட்டுது!"

கஜீவன் ஓடிவந்தான். "நிக்காது... உள்ளை ஆள் இருந்தா நிக்காது..." கதவைத் தடவினான். பிடிக்க ஒன்றும் இல்லை. "அப்பா! பொத்தானை அமத்துங்கோ! கண்ணாடிக்குக் கீழை!"

உள்ளே கேட்கவில்லை. வெளிச் சத்தம் வராத கண்ணாடி என்று அவன்தான் காலையில் சொன்னான். கிழவரின் கை மெதுவாகி மடியில் விழுந்தது.

ஆழ்வாப்பிள்ளை தேங்காய் உடைக்கிற இடத்தில் இருந்து கல்லோடு வந்தார்.

"பொறுங்கோ அண்ணை! திரை இப்ப திறக்கும், திறப்பு வந்திடும்!"

"தள்ளி நில்லடா!"

அடித்தார். கண்ணாடி சிலந்திவலை மாதிரி வெடித்து வெளுத்தது, ஆனால் துளை விழவில்லை. திரும்ப அடித்தார். கல் தெறித்தது.

உதயகலா அதற்குப் பிறகு நிற்கவில்லை. மண்டபத்துக்குள் ஓடினாள். திரை மூடியிருந்தது. உள்ளே மந்திரம் நிற்காமல் போனது.

"ஐயா, திறப்பைத் தாங்கோ! ஆள் சாகப்போகுது!"

மேளமும் மணியும் அவளுடைய குரலைத் தின்றன. "அலங்காரம் முடியேல்லை, பொறு பிள்ளை," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கையைப் பிடித்தாள். உதயகலா அந்தக் கையை உதறிவிட்டு, படியில் ஏறித் திரையை ஒரே இழுவையில் விலக்கினாள்.

மேளம் நின்றது. பாதி பூச்சாத்திய பிள்ளையாருக்கு முன்னால் ஐயர் மாலையும் கையுமாகத் திரும்பினார்.

"திறப்பு," என்றாள்.

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். தட்டோடு தூக்கிக் கொடுத்தார்.

அவள் கிட்டப் போகவும் கைபிடி நீட்டியது. கதவைத் திறந்ததும் அடுப்பு மாதிரி வெக்கை அடித்தது. கழுத்தில் விரல் வைத்தாள். நாடி ஓடியது, வேகமாக, மெல்லிசாக.

"தூக்குங்கோ. நிழலுக்கு. தண்ணி பருக்காதேங்கோ, புரைக்கேறும்! துணியை நனைச்சுத் தாங்கோ, கமக்கட்டுக்கு, கழுத்துக்கு. ஆக்கள் விலகுங்கோ."

கஜீவன் தகப்பனின் கால்மாட்டில் குந்தியிருந்து அழுதான்.

"அழுகை பிறகு. விசிறுங்கோ."

நனைத்த துணிகள் சூடாகச் சூடாக மாற்றினாள். மெல்லக் கிழவரின் கண்மடல் அசைந்தது. இடது கை அவளுடைய முந்தானையைப் பிடித்து இறுக்கியது.

"ஓட்டோ பிடிக்கட்டே?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"வேண்டாம். ஆஸ்பத்திரி மட்டும் குளிரிலை போகவேணும். இந்தக் கார்தான்." கஜீவனைப் பார்த்தாள். "நீங்கள் ஓட்டுங்கோ. திறப்பு என்னட்டை இருக்கட்டும்."

வெடித்த கண்ணாடியோடு கார் சத்தமில்லாமல் யாழ்ப்பாணம் நோக்கி ஓடியது. உதயகலா பின்னால் கிழவரைச் சாய்த்துப் பிடித்தபடி மூச்சைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும் காவலாளி விசில் ஊதினான். "வழியிலை விடாதேங்கோ, எடுங்கோ, எடுங்கோ!"

கஜீவன் பதறி இறங்கி வந்து கையை நீட்டினான். "அக்கா, திறப்பைத் தாங்கோ, அவன் கத்துறான்."

"கத்தட்டும். ஐயா முதல் இறங்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அவள் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னாள்.