மார்லீன் நீட்டாத கை

ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றில் போக்கர் மேசைக்குச் சீட்டுப் போடுவது மார்லீனின் வேலை. மேசையை விட்டு எழும்போது கைகளைத் தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டிவிட்டுத்தான் எழுவாள். எதையும் எடுக்கவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டுகிற வழக்கம் அது. வீட்டில் சாப்பிட்டு எழும்போதும் அந்தக் கைதட்டல் தானாக வந்துவிடும். கட்டியவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், பிறகு ஒரு நாள் போயும் விட்டான். அதற்கெல்லாம் அவள் பெரிதாக வருந்தவில்லை. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, மேற்பார்வையாளரின் கறுப்புக் கோட்டு.

அது கொரினுக்குப் போயிற்று. இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். போதாததற்கு, கோட்டு அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. மார்லீனுக்கு வயிறு எரிந்தது. மேசையில் தகராறு வரும்போது கொரின் ஒரு தடவையாவது தப்பாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டாளா என்று தினமும் காத்திருந்தாள்.

ஒரு மதியம் வெண்டல் தன் சீட்டைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், எதிலும் நிதானம். அவர் ஆடி முடிக்கும் முன்பே அடுத்து இருந்த டூலி, காதில் பாட்டு ஓட, பந்தய வில்லைகளை முன்னால் தள்ளினான். உடனே கையை நீட்டி ஆட்டத்தை நிறுத்த வேண்டியவள் மார்லீன். அவள் நிறுத்தவில்லை. தகராறு வந்தால் கொரின் வந்தாக வேண்டும் அல்லவா? டூலிக்கு அடுத்த இருவரும் இந்த ஆட்டம் வேண்டாமென்று மளமளவென்று சீட்டை வீசினார்கள்.

"இருங்கப்பா, நான் இன்னும் ஆடவே இல்லையே," என்றார் வெண்டல்.

"தூங்கிட்டே ஆடினா அப்படித்தான் பெருசு," என்றான் டூலி.

கொரின் வந்தாள். விடுதியின் விதிப்படி, முறை தவறிப் பின்னால் இருப்பவர்கள் ஆடும்போது, விடுபட்டவர் உடனே வாய் திறக்க வேண்டும். நேரம் இருந்தும் திறக்காவிட்டால் அவர் சீட்டு செல்லாது. நேரமே இல்லையென்றால் அவர் முறை அவருக்கே.

"மார்லீன், அவர் சொல்றதுக்கு நேரம் இருந்துச்சா?"

"தாராளமா இருந்துச்சு. அவர்தான் வாயத் தொறக்கல."

"எதுக்கும் கேமராவப் பாத்துடலாமே," என்றாள் மேசைக் கோடியில் இருந்த ஒரு பெண்.

"மார்லீனே சொல்லியாச்சு, கேமரா எதுக்கு?" என்றாள் கொரின். "மன்னிச்சுக்கோங்க வெண்டல், உங்க சீட்டு செல்லாது."

வெண்டல் சண்டை போடவில்லை. "மார்லீன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் அசந்துட்டேன் போல," என்று சீட்டைத் திருப்பி வைத்தார். இரண்டும் ராஜா. மேசை நடுவில் இன்னொரு ராஜா கிடந்தது. மூன்று ராஜா சேர்ந்தால் பெரும்பாலும் ஜெயிக்கிற சீட்டு. அவர் காப்பி குடிக்க எழுந்து போனார்.

கொரின் மார்லீனின் தோளைத் தட்டினாள். "நீ இருக்கிற மேசைன்னா எனக்குக் கவலையே இல்ல."

கறுப்புக் கோட்டின் கை தன்மேல் பட்டபோது மார்லீனுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. கொரின் தன்னை நம்புவதுபோல் யாரையும் நம்ப அவளுக்கு வந்ததில்லை. கொரின் தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள், இத்தனை நாள் வேண்டியது நடந்தேவிட்டது. ஆனால் அதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டுமானால், பொய் சொன்னது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.